முதல் வாய்

எங்கள் மெஸ்ஸின் இணையப் பக்கம் ஒருநாள் ஊருக்கே இப்படி அறிவித்தது: "இன்றைய வடை சற்றுக் கடினம். எண்ணெய் காயும் முன் போடப்பட்டது." போட்டவள் நான்தான். அந்த நேரத்தில் வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டையில் இருந்ததால் எண்ணெயைக் கவனிக்கவில்லை. நல்லவேளையாகச் சண்டையைப் பற்றிப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

தென்காசியில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது உலகம்மாள் மெஸ். உலகம்மாள் நான். சைவம் மட்டும், மதியச் சாப்பாடு மட்டும். சமையல் என் பொறுப்பு. பரிமாறுவதும் கல்லாவும் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் பொறுப்பு. அவர் அதிகம் பேசமாட்டார். அதற்கும் சேர்த்து நான் பேசுவேன்.

முன்பெல்லாம் கடைக்கு ஒரு பக்கம் வைத்து அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். படத்தைக் கணினியே வரைந்து கொடுக்கும், பாராட்டையும் அதுவே எழுதிக் கொடுக்கும். நாலு பெஞ்சு போட்ட டீக்கடையின் படத்துக்குள் குற்றால அருவி விழுந்தது. நாங்களும் ஒன்றும் யோக்கியர் இல்லை. அடுப்பில் ரெண்டு கூட்டு இருக்கும்போது பக்கத்தில் வந்த படத்து இலையில் பத்துக் கூட்டு இருந்தது. கடைசியில் ஜனங்களுக்கு எந்தப் பக்கத்தின் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. நல்ல கடை, மட்டமான கடை எல்லாமே ஈ ஓட்டின. அப்புறம்தான் சட்டம் வந்தது. வியாபாரத்துக்குப் பக்கம் வைத்தால் இனி மெய்ப்பக்கம்தான் வைக்க வேண்டும் என்றார்கள்.

அதை எங்களுக்கு மாட்டித் தர வந்தவள் ஷமீமா, கடையநல்லூர்ப் பெண். அடுப்புக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தினாள். கரண்டி மாட்டுகிற கம்பியில், ருசி பார்த்துச் சொல்கிற எஃகு நாக்கு ஒன்றைத் தொங்கவிட்டாள்.

"யக்கா, இனிமே பக்கத்துல நீங்க எழுத முடியாது. அதுவே பாத்து அதுவே எழுதும். கண்ணால பாக்காதத, நாக்கால ருசிக்காதத எழுதாது."

"நாம சொல்லிக்குடுத்தா?"

"கேட்டுக்கிடும். நெசமான்னு பாத்துட்டுத்தான் போடும். சாப்பாட்டுல குறை இருந்தா தினமும் சொல்லியாகணும், அது சட்டம். மத்தபடி உங்க கடைக்கு எது நல்லதோ அதத் தேடித் தேடிப் போடும். ஆனா யாராவது வந்து நேரா ஒரு கேள்வி கேட்டுட்டா, நெசத்த எல்லாரும் பாக்கச் சொல்லிரும்."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி வாயத் தொறக்காது."

"எங்க வீட்டுக்காரவுக மாதிரின்னு சொல்லு" என்றேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அந்த எஃகு நாக்கு சாமிக்குப் படைத்த பிறகுதான் சட்டிக்குள் இறங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் படையலுக்கு முன் யாரும் சமையலை வாயில் வைக்க மாட்டோம். சமைக்கிறவளும் வைக்கக் கூடாது. உப்பு, புளி, காரம் எல்லாம் வாசத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். உப்புக்கு ஏது வாசம் என்று கேட்பார்கள். சும்மா இருக்கிற உப்புக்கு இல்லைதான். கொதிக்கிற புளியில் விழுந்த உப்புக்கு உண்டு, என் மூக்குக்கு அது தெரியும்.

நிபந்தனையைக் கேட்ட ஷமீமா சிரித்தாள். "மிஷினுக்குமா விரதம்?" என்றாள். ஆனால் அப்படியே அமைத்துக் கொடுத்தாள்.

பக்கம் இதைப் பிடித்துக்கொண்டது. ரெண்டு நாள் என்னையே பார்த்திருந்துவிட்டு இப்படி எழுதியது: "இங்கே சமைப்பவர் ருசி பார்ப்பதில்லை. வாசத்தில் உப்பு அறிகிறார். முதல் வாய் சாமிக்கு." அவ்வளவுதான், சாரல் காலத்துக்குக் குற்றாலம் வந்தவர்களெல்லாம் எங்கள் தெருவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் சட்டிக்கு மேலே குனிந்து ஆவியை முகர்வதைப் படம் எடுத்தார்கள். பொய் சொல்லத் தெரியாத பக்கம் சொன்னதால் நம்பினார்கள். வடை கடினம் என்று சொன்ன அதே வாயால் சொன்னதல்லவா. எங்கள் மெஸ்ஸுக்கு விளம்பரம் என்றால் அது என் மூக்குதான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டுப் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. வெறும் தகர டப்பாவை முகர்ந்தது போல இருந்தது. மல்லி, சீரகம், காய்கிற நெய், எல்லாவற்றுக்கும் அதே கதைதான். தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். வந்தால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஓய்வெடு என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்புக்குத்தான் பயந்தேன். அடுப்படியை விட்டு எழுந்துவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

கரண்டிக் கணக்கில் உப்புப் போட்டுச் சமைத்தேன். முதல் சில நாட்கள் பக்கம் ஈவிரக்கமில்லாமல் எழுதியது. "சாம்பாரில் உப்பு கூடுதல்." "ரசத்தில் உப்பு மிகக் குறைவு." பிறகு கார்த்திகை பிறந்ததும் எல்லாம் தானாகச் சரியானது. "உப்பு சரி" என்று பக்கம் தினமும் எழுதியது. மூக்கு போனாலும் கை மறக்கவில்லை பார், என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வைகாசியில் ஷமீமா வந்தாள். மதுரையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி, சாரல் காலம் முழுவதும் தங்கள் ஆட்களுக்கு எங்கள் மெஸ்ஸில் சாப்பாடு போடக் கேட்டிருந்தது. அவர்களுக்குப் பிடித்ததே அந்த முதல் வாய் சமாச்சாரம்தான்.

"அதுலதான்க்கா ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள். "அந்த வரிய நம்ம பக்கம் இப்பப் போடுறதே இல்ல. கார்த்திகைல இருந்து ஒரு தடவ கூடப் போடல. அவ்வளவு கூட்டம் கொண்டாந்த வரிய அது சும்மா விடாதே. மதுரைக்காரங்க வெள்ளிக்கெழம பக்கத்துக்கிட்டயே நேரா கேக்கப் போறாங்களாம்."

என் மூக்கு போனது அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். இதில் கல்லாவிலிருந்து வீட்டுக்காரர் வேறு, "அவங்க ஆர்டரு நமக்கெதுக்கு. இருக்க கூட்டம் போதும்லா" என்றார். வேலைக்குச் சோம்பல் படுகிறார் என்று எரிந்து விழுந்தேன்.

அன்று மத்தியானம் கடை ஒதுங்கியதும் பாயில் படுத்தபடி யோசித்தேன். வெள்ளிக்கிழமை அவர்கள் கேட்டு ஊரே தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டால் என்ன? மூக்கைப் பற்றி நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்து சத்தியமான பதில் இருக்கிற கேள்வியாகப் பார்த்து, என் போனிலிருந்து எழுதி அனுப்பினேன். "இந்த மெஸ்ஸில் படையலுக்கு முன் யாராவது ருசி பார்க்கிறார்களா?"

இல்லை என்று வரும் என எதிர்பார்த்தேன்.

"ஆம்" என்றது பக்கம். "சாம்பார், ரசம், கூட்டு மூன்றும் படையலுக்கு முன் ருசி பார்க்கப்படுகின்றன. பார்ப்பவர் குற்றாலிங்கம். தேவைப்பட்டால் உப்பு சேர்க்கிறார் அல்லது வெந்நீர் ஊற்றுகிறார். கார்த்திகை முதல் நாள்தோறும்."

எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. நான் கைகால் கழுவிப் பூப்பறிக்கக் கொல்லைப்பக்கம் போகிற நேரம்தான் அவர் அடுப்படிக்குள் நுழைந்திருக்கிறார். அத்தனை நாளும் சரியாக உப்புப் போட்டது என் கை இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. எழுந்து முன்கூடத்துக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்து, சாமிக்கு முந்தின அந்த வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க. சாமிக்கு முன்னாடி நீங்க சாப்பிடுதியளா?"

திடுக்கிட்டு விழித்தார். "யாரு சொன்னா?"

"பக்கம். நான் கேட்டேன், சொல்லிச்சு."

"கேக்காம இருந்திருக்கலாம்லா" என்றார் மெதுவாக.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஐப்பசிக் கடைசில ஒருநா பால் தீஞ்சுது. வீடு பூரா நாத்தம். நீ அதுக்குப் பக்கத்துல நின்னு கறிவேப்பிலை உருவிக்கிட்டிருந்த. அப்பவே தெரிஞ்சுட்டு."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"நீ சொல்லலையே. சொல்லப் பிடிக்கலன்னு இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாத்துக்கிட மாட்டனா? மூக்குதான போச்சு, நாக்கு இருக்குல்லா?"

"பாத்திருக்க மாட்ட ஏளா. அப்படிப் பாத்தாலும் நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னுருக்க மாட்ட. அந்தப் பாவம் ஒனக்கெதுக்கு, எந்தலையில இருந்துட்டுப் போட்டும்னுதான் செஞ்சேன். வாராவாரம் வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயி ஒரு தேங்காய ஒடச்சு அவங்கிட்டயும் சொல்லிருதேன்."

மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் தேங்காய்த் துவையல் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாமிக்கு அவ்வளவு பயப்படுகிற மனுஷன். எனக்காகத் தினம் ஒருமுறை அந்தப் பயத்தை விழுங்கியிருக்கிறார். அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

போன் அடித்தது. ஷமீமாதான். "யக்கா, அந்தக் கேள்விய நீங்களா கேட்டிய?"

அப்போதுதான் உறைத்தது. கேள்வியும் பதிலும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் அல்லவா நிற்கும். எங்கள் பக்கம்தானே, எங்களிடம் மட்டும் சொல்லும் என்று நினைத்துவிட்டேன்.

"அழிச்சிரு தாயி" என்றேன்.

"கேள்விய அழிக்கலாம்க்கா. பதில அழிக்க முடியாது. மதுரைக்காரங்க பாத்துட்டாங்க, வேற எடம் பாத்துக்கிடுதோம்னுட்டாங்க. இன்னொருத்தரு, அவரு ஏன் ருசி பாக்காருன்னு வேற கேட்டுட்டாரு."

"அதுக்கு என்ன சொல்லிச்சு?"

"காரணத்தை அவர் என்னிடம் சொல்லவில்லைன்னு போட்டிருக்கு."

மதுரைக்காரர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. தினமும் வந்து உட்கார்கிற முகங்களை நினைத்துத்தான் பயம். பாங்க் மாணிக்கவாசகம் வருவார், லாரி செட் ஆட்கள் வருவார்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் வருவார்கள். என்னை மதினி என்று கூப்பிட்டு, முதல் வாய் சாமிக்கு என்று நம்பிக் கைநனைத்தவர்கள். நாளைக்கு அவர்கள் வராவிட்டால், நானே அடுப்பை அணைத்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையிலேயே ஷமீமா வந்துவிட்டாள். நான் குனிந்த தலை நிமிராமல் காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள், அரிவாள்மனையை நகர்த்திவிட்டுப் போனை நீட்டினாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு காட்டணும். பக்கத்துக்கிட்ட ஒரு கேள்விய எழுதி, அனுப்பாம அழிச்சாலும் அது ஞாபகம் வச்சுக்கிடும். வெளிய சொல்லாது, பேரும் காட்டாது. கடைக்காரங்க கேட்டா மட்டும் காட்டும். நேத்து ஒங்களுக்காக நாங் கேட்டேன்."

படித்தேன். எல்லாம் போன ஐப்பசியில் எழுதியவை.

"மதினிக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா சாம்பார்ல" என்று ஒன்று பாதியில் நின்றிருந்தது. "சமைப்பது அதே அம்மாதானா?" என்று ஒருவர் எழுதி அழித்திருந்தார். "ஆவியில் முகம் வைத்துப் பார்க்கிறார்கள், ஆனால் முன்பு போலத் தலையாட்டுவதில்லை. அவர்களுக்கு வாசம் தெரிகிற" என்று இன்னொன்று. அதற்குக் கீழேயும் இருந்தன. ஒரு கேள்விகூட அனுப்பப்படவில்லை. அனுப்பியிருந்தால் பக்கம் அன்றைக்கே சொல்லியிருக்கும். அது அவர்களுக்கும் தெரியும்.

உப்புக் கரித்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "வாரேன் மதினி" என்று சொல்லிப் போன முகங்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. நான்தான் கெட்டிக்காரத்தனமாக மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள்தான் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன். "எழுதிக்கோ. எனக்கு வாசம் தெரியல. ஐப்பசியில இருந்து தெரியல. அதனாலதான் அவுக ருசி பாக்காவ."

பக்கம் கொஞ்ச நேரத்தில் எழுதியது: "சமைப்பவருக்கு வாசம் தெரிவதில்லை என்று அவரே கூறினார். ஐப்பசியில் பால் தீய்ந்தபோது அருகிலேயே நின்றிருந்த காட்சி இதை உறுதி செய்கிறது." அதையும் சொல்லியாக வேண்டுமா என்று ஷமீமாவிடம் கேட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சமையல் முடிந்தது. கொல்லைப்பக்கம் போகவில்லை. கல்லாவைப் பார்த்து, "இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். கரண்டியில் சாம்பாரை எடுத்து, ஊதி ஆற்றி, அவர் கையில் விட்டேன். நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சைக்குப் போன பிள்ளை கூட அப்படி நின்றிருக்காது.

"நல்லாருக்கு. உப்பு சரியா இருக்கு" என்றார்.

பிறகு சாமிக்கு இலை போட்டோம். எஃகு நாக்கு சட்டிக்குள் இறங்கி ஏறியது. பந்தி போடும்போது பாங்க் மாணிக்கவாசகம் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். லாரி செட் ஆட்கள் வந்தார்கள். டீச்சர்கள் வந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. சாம்பாரை இரண்டாம் தடவை வாங்கினார்கள். "இன்னைக்குச் சாம்பாரு பிரமாதம் மதினி" என்று மாணிக்கவாசகம் கைகழுவப் போகிறபோது சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடை ஒதுங்கியதும் ஷமீமா, பக்கத்தின் அன்றைய பதிவை வாசித்தாள். "இன்று முதல் வாய் குற்றாலிங்கத்துக்கு, இரண்டாம் வாய் சாமிக்கு. சாம்பாரில் உப்பு மிகக் குறைவு."

அதன் கீழே யாரோ வெளியூர்க்காரர், சாமிக்குக் கோபம் வராதா என்று கேட்டிருந்தார். அதை அறியும் கருவி தன்னிடம் இல்லை என்று பக்கம் பதில் சொல்லியிருந்தது. அதற்கும் கீழே மாணிக்கவாசகம், "எனக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது" என்று எழுதியிருந்தார். எனக்கும், எனக்கும் என்று லாரி செட்டிலிருந்து வரிசையாக எழுதியிருந்தார்கள். டீச்சர் ஒருத்தி, உப்பு கொஞ்சம் கூடுதல்தான் என்றே எழுதிவிட்டாள்.

சட்டியில் மிச்சமிருந்த சாம்பாரை நாக்கில் விட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"ஏங்க" என்றேன். "காலைல என்ன சொன்னிய?"

கல்லாவில் காசை அடுக்குவது போலக் குனிந்துகொண்டார். "நீ எம் மொகத்தப் பாத்துக்கிட்டே நின்ன. எனக்கு வாய் வரல."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நீ பூப்பறிக்கப் போயிரு" என்றார். "நான் பாத்துக்கிடுதேன்."